வீடு தேடிப் போகும் செவிலியருக்கு மேற்படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் முடித்துச் சில வருடம் வார்டில் நின்றுவிட்டு, அப்புறம் கிராமத்திலோ வீடுகளிலோ வேலை பார்க்க வந்தவர்களும் வர நினைப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங் பாடம் நடத்துகிறவள். தமிழ்நாட்டில் படிப்பவர்களையும் வேலை பார்ப்பவர்களையும் மனதில் வைத்தே பதில்கள் எழுதியிருக்கிறேன். கட்டணமும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் அவற்றுக்கு அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங்கும் வீட்டுப் பராமரிப்பும் ஒன்றுதானா?

இரண்டும் ஒரே தெருவில் நடக்கும், ஆனால் வேலை வேறு. கம்யூனிட்டி ஹெல்த்தில் ஊர் முழுவதும் உங்கள் பொறுப்பு. யார் யார் கர்ப்பமாக இருக்கிறார்கள், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போயிற்று, எந்த வீட்டில் காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டார்கள், குடிதண்ணீர்த் தொட்டியில் குளோரின் போட்டார்களா என்பதெல்லாம் அதில் வரும். வீட்டுப் பராமரிப்பில் ஒரு கட்டில், அதில் படுத்திருக்கும் ஒருவர், பக்கத்தில் தூக்கமில்லாமல் இருக்கும் இன்னொருவர். பக்கவாதம், புற்றுநோய், முதுகுத்தண்டு அடி, மறதி நோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் மேற்படிப்புகள் பெரும்பாலும் முதல் வேலையை மனதில் வைத்து உருவானவை. இரண்டாவது வேலைக்கு வர விரும்புகிறவர்கள் அந்தப் படிப்பில் சேர்ந்துவிட்டு, ‘நான் கேட்டது இதில் இல்லையே’ என்று இரண்டாம் ஆண்டில் வந்து நிற்கிறார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். அடுத்து என்னென்ன வழி இருக்கிறது?

பெரிய வழி எம்.எஸ்சி. நர்சிங். இரண்டு வருடம், கம்யூனிட்டி ஹெல்த்தைச் சிறப்புப் பிரிவாக எடுக்கலாம். அடுத்தது ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ. முதியோர் செவிலியம், புற்றுநோய்ச் செவிலியம், மனநலச் செவிலியம் போன்ற பிரிவுகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. இவை தவிர, சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை போகும் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. நோய்த்தணிப்புப் பராமரிப்பு, அதாவது எல்லோரும் பாலியேட்டிவ் கேர் என்று சொல்வது, இந்த வகையில்தான் அதிகம் கற்றுத்தரப்படுகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என்னிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது: ஐந்து வருடம் கழித்துக் காலை 10 மணிக்கு நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? வகுப்பறையிலா, அலுவலகத்திலா, யாரோ ஒருவருடைய வீட்டிலா? பதில் வீடு என்றால் எம்.எஸ்சி.யிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

எம்.எஸ்சி. சேரத் தகுதி என்ன? உள்ளே என்ன படிக்க வேண்டும்?

பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. (ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்கள் பிறகு படிக்கும் பட்டப்படிப்பு), அதில் மொத்தம் 55 சதவீத மதிப்பெண், நர்ஸ் மற்றும் மிட்வைஃப் என்ற பதிவு, ஒரு வருட வேலை அனுபவம். இவை கவுன்சில் வகுத்த அடிப்படைத் தகுதிகள். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் சென்னை கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன.

முதல் வருடத்தில் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவாக நர்சிங் கல்வி, மேம்பட்ட செவிலியம், ஆராய்ச்சியும் புள்ளியியலும் இருக்கும். கூடவே உங்கள் சிறப்புப் பாடத்தின் முதல் பகுதி. இரண்டாம் வருடத்தில் நர்சிங் நிர்வாகம், சிறப்புப் பாடத்தின் இரண்டாம் பகுதி, ஆய்வேடு. கம்யூனிட்டி ஹெல்த் எடுத்தவர்களுக்கு நோய்ப்பரவலியல், மக்கள்தொகை, பள்ளிச் சுகாதாரம், தொழிற்சாலைச் சுகாதாரம், முதியோர், மறுவாழ்வு, பேரிடர் என்று பாடங்கள் விரியும்.

இந்தியாவில் செவிலியருக்கான முதுநிலைப் படிப்பு 1959-ல் டெல்லியில், இன்றைய ராஜ்குமாரி அம்ரித் கவுர் நர்சிங் கல்லூரியில் தொடங்கியது. கல்லூரிகளுக்கு ஆசிரியைகள் வேண்டும், பெரிய மருத்துவமனைகளுக்கு நிர்வாகிகள் வேண்டும் என்ற தேவை அதற்குப் பின்னால் இருந்தது. அந்த அச்சு இன்னும் மாறவில்லை. நர்சிங் கல்வியும் நர்சிங் நிர்வாகமும் எல்லோருக்கும் கட்டாயமாக இருப்பது அதனால்தான்.

அப்படியானால் எம்.எஸ்சி. முடித்தால் வீட்டுப் பராமரிப்பு கைவராதா?

தானாக வராது. இதைச் சொன்னால் என்னோடு வேலை பார்ப்பவர்களில் சிலருக்கு வருத்தம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எம்.எஸ்சி. முடித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் டியூட்டராகவோ விரிவுரையாளராகவோ சேர்கிறார்கள். ஒரு ஊரின் நோய்க்கணக்கை எடுத்துத் திட்டம் போடத் தெரிந்திருக்கும். நாற்பது நாளாகக் கத்தீட்டரோடு, அதாவது சிறுநீர் வெளியேற்றும் குழாயோடு, படுத்திருப்பவரின் வீட்டுக்குப் போய், யூரின் பேகில் ஏன் சிறுநீர் இறங்கவில்லை என்று கண்டுபிடிப்பதற்கான பழக்கம் இருக்காது. பல சமயம் குழாய் தொடைக்கு அடியில் மடங்கியிருக்கும், அல்லது பையைக் கட்டில் தலைமாட்டில் உயரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்க முடியும்.

எம்.எஸ்சி. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுப் பராமரிப்புக் குழுவை நடத்தவும், நெறிமுறை எழுதவும், அடுத்தவர்களுக்குக் கற்றுத்தரவும் அது அவசியம். கைவேலையை முதலில் கற்றுவிட்டு எம்.எஸ்சி.க்கு வருகிறவர்கள் வகுப்பில் கேட்கும் கேள்வியே தனியாகத் தெரியும்.

அந்தக் கைவேலையை எங்கே கற்பது?

என் முதல் பரிந்துரை பாலியேட்டிவ் கேர் பயிற்சி. நோயாளி புற்றுநோய்க்காரராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வலி, புண், மலச்சிக்கல், மூச்சுத்திணறல், படுக்கைப்புண், குடும்பத்தோடு பேசுவது என்று வீட்டில் தேவைப்படுகிற எல்லாமே அந்தப் பயிற்சியில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-ல் வலி மற்றும் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கம் தொடங்கியது. அங்கிருந்து பஞ்சாயத்து வரை பரவி, 2008-ல் அரசே தனிக் கொள்கை கொண்டுவந்தது. கோழிக்கோட்டில் இருக்கும் பாலியேட்டிவ் மெடிசின் இன்ஸ்டிடியூட்டிலும், டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாலியம் இந்தியாவிலும் செவிலியருக்கென்றே ஆறு வாரப் பயிற்சி உண்டு. இந்திய நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கம் தொலைநிலையில் அடிப்படைச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை நடத்துகிறது. வேலையை விட முடியாதவர்களுக்கு அது ஒரு தொடக்கம். ஆனால் தொலைநிலையோடு நின்றுவிடாதீர்கள். வீட்டுக்குப் போகும் குழுவோடு கொஞ்ச காலமாவது சேர்ந்து போய் வாருங்கள்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நர்சிங் கல்லூரி, செவிலியர்களே நடத்தும் சமூக நலத் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. 1909-ல் அங்கே, அந்த மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-ல் பட்டப்படிப்பு வந்தது. படிக்கிற பிள்ளைகள் ஊருக்குள் போய், டாக்டருக்காகக் காத்திராமல் தாங்களே பார்த்து முடிவெடுக்கப் பழகுவதற்கு அதுபோன்ற இடங்கள் வேண்டும். எந்தக் கல்லூரியில் சேருவதாக இருந்தாலும், ‘உங்கள் மாணவிகள் எந்த ஊருக்குப் போகிறார்கள், அங்கே அவர்களோடு யார் போகிறார்கள்?’ என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு மாலையில் திரும்ப ஏற்றிக்கொள்ளும் இடத்தில் கற்க எதுவும் இருக்காது.

வார்டு அனுபவம் நிறைய இருக்கிறது. வீட்டில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முதலில் பை. மாணவியாக இருந்தபோது பேக் டெக்னிக் என்று படித்து, தேர்வோடு மறந்திருப்பீர்கள். வீட்டில் அது உயிர்நாடி. பையைத் தரையிலும் கட்டிலிலும் வைக்கக் கூடாது. நாற்காலியோ ஸ்டூலோ பார்த்து, கொண்டுபோன செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். முதலில் சோப்பும் துண்டும் வெளியே வரும். கை கழுவிய பிறகுதான் பையின் உள்ளே கை போகலாம். தேவையான எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்து வைத்துவிட்டுப் பையை மூடிவிட வேண்டும். டிரஸ்ஸிங் நடுவில் காஸ் போதவில்லை என்று மறுபடி திறக்க நேர்ந்தால் மறுபடியும் கை கழுவ வேண்டும். கிளம்பும்போது, அந்த வீட்டின் நாற்காலியைத் தொட்ட பக்கம் உள்ளே போகும்படி செய்தித்தாளை மடிக்க வேண்டும். ஒரு வீட்டின் கிருமி அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பது இந்தச் சின்னச் சின்ன ஒழுங்கில்தான் இருக்கிறது.

அடுத்தது, பாடப்புத்தகம் சொல்வதை அந்த வீட்டுக்குத் தகுந்தபடி ஆக்குவது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். வார்டில் அதைச் சொன்னால் போதும், மூன்று ஷிப்டிலும் ஆள் இருக்கிறது. பக்கவாதம் வந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் நூறு நாள் வேலைக்கும் போகிறாள் என்றால் அதே அறிவுரை அவளுக்குக் குற்ற உணர்ச்சியை மட்டும்தான் தரும். அவளோடு உட்கார்ந்து நாளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவள் கிளம்பும் முன் ஒருமுறை, பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்தி ஒருமுறை, இரவு மகன் இரண்டு முறை. கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தால் ஒரு பக்கம்தான் திருப்ப முடியும், அதை முதலில் நகர்த்தச் சொல்ல வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் நிற்கச் செய்ய வேண்டும். இடைப்பட்ட நேரத்துக்குக் காற்றுப் படுக்கை வாங்க வழி உண்டா என்று விசாரிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு அந்தக் கணக்கு இரண்டு மணி நேரமாக இருக்காது. ஆனால் அந்த வீட்டில் நடக்கும்.

மூன்றாவது, இருப்பதை வைத்துச் செய்வது. மார்பகப் புற்றுநோய் புண்ணாகி வெடித்த ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வலியைவிட நாற்றம்தான் அவரை வதைக்கும். பேரப்பிள்ளைகள் கிட்டே வரமாட்டார்கள், கட்டில் மெதுவாகக் கொட்டகைப் பக்கம் போய்விடும். உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவினால் சில நாளில் நாற்றம் அடங்கும். டிரஸ்ஸிங் துணிக்குப் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, துவைத்துக் காயவைத்து, பிரஷர் குக்கரில் ஆவி காட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொள்ளாமல் பிரித்தெடுக்க முதலில் நனைக்க வேண்டும். இதையெல்லாம் வீட்டில் ஒருவருக்கு நீங்கள் செய்துகாட்டி, அடுத்த முறை அவரைச் செய்யவைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் வாரத்துக்கு ஒருமுறைதான் போவீர்கள். மற்ற ஆறு நாளும் நர்ஸ் அந்த வீட்டு ஆள்தான். பாட்டியின் கட்டில் வீட்டுக்குள் திரும்பி வருவதைவிடப் பெரிய சிகிச்சைப் பலன் எனக்குத் தெரியாது.

மார்ஃபின் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

பயிற்சி இல்லாத இடத்தில் வரும் பயம் அது. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியான முறையை வெளியிட்டது. அதில் கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபினுக்கு முக்கிய இடம். இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே அதை வைத்துக்கொள்ளத் தயங்கின. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே மாதிரியான எளிய நடைமுறை வந்தது.

செவிலியர் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. சாதாரண மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல் மணிப்படி கொடுக்க வேண்டியது. மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், இதை டாக்டர் எழுத மறந்திருந்தால் நீங்கள் கேட்க வேண்டும். முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம், பெரும்பாலும் தானாகக் குறையும். எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு மெதுவாவது ஆகியவை எச்சரிக்கை. மாத்திரையை எண்ணி எழுதிவைப்பதும், நோயாளி இறந்த பிறகு மீதியைத் திரும்பப் பெறுவதும் உங்கள் பொறுப்பு. வலியால் முகம் இறுகிக் கிடப்பவரிடம் ‘இதற்குப் பழகிவிடுவீர்கள்’ என்று சொல்லி மருந்தை மறுப்பதை நான் கொடுமை என்றுதான் சொல்வேன்.

ஜி.என்.எம். தான் முடித்திருக்கிறேன். எனக்கு இதில் இடம் இருக்கிறதா?

கண்டிப்பாக இருக்கிறது. பட்டம் வேண்டுமென்றால் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துவிட்டு எம்.எஸ்சி.க்குப் போகலாம். பாலியேட்டிவ் கேர் பயிற்சிகளும் ஒரு வருட டிப்ளமோக்களும் பதிவு பெற்ற ஜி.என்.எம். செவிலியருக்குத் திறந்தே இருக்கின்றன.

துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று ஒரு பதவி இருக்கிறது. மத்திய அரசு 2018-ல் துணை நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்ற முடிவு செய்தபோது வந்தது. அதற்காக இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலம் ஆறு மாதச் சமூக சுகாதாரச் சான்றிதழ்ப் படிப்பு நடத்தப்பட்டது. பிறகு பி.எஸ்சி. பாடத்திட்டத்துக்குள்ளேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் எந்த வருடப் பாடத்திட்டத்தில் படித்தீர்கள் என்பதைப் பொறுத்து அது தேவையா என்பது மாறும், விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு என்ன மாறியிருக்கிறது?

வீட்டுக்குப் போகும் வேலையை அரசின் வழக்கமான வேலையாக ஆக்கியது அந்தத் திட்டம்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் மாத்திரை கொடுக்கிறார். நோய்த்தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் போய்ப் பார்க்கிறார்கள். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பைகள் வீட்டுக்கே போகின்றன. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. அந்த நோய்த்தணிப்புச் செவிலியர் ஒரு வட்டாரம் முழுவதையும் பார்க்கிறார். அவருக்கு வண்டியும் மருந்தும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் தொடர்ந்து கற்க நேரமும், சந்தேகம் வந்தால் போனில் பேச ஒரு மூத்த செவிலியரும். அந்த மூத்த செவிலியர் பதவிக்குத்தான் முதுநிலைப் படிப்பு தேவைப்படுகிறது. கல்லூரியில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் மாதத்தில் சில நாளாவது அந்த வண்டியில் ஏற வேண்டும், அந்தச் செவிலியர்கள் எங்கள் வகுப்பில் வந்து பாடம் எடுக்க வேண்டும் என்று நான் பேசும் இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மேற்படிப்பு முடித்தால் மருந்து எழுதலாமா?

இந்தியாவில் செவிலியர் தன் பொறுப்பில் மருந்துச்சீட்டு எழுத முடியாது. நெறிமுறையில் அனுமதிக்கப்பட்டதையும், டாக்டர் எழுதியதையும் கொடுக்கலாம். 2017-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைத் தானே பார்த்து முடிவெடுக்கக் கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர்), பொது சுகாதாரச் செவிலியர் போன்ற பணிப்பிரிவுகள் வேண்டும் என்றது. தீவிர சிகிச்சைக்கும் ஆரம்ப சுகாதாரத்துக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் பாடத்திட்டம் உண்டு. ஆனால் படித்தவர்களுக்கான பதவியும் அதிகாரமும் பாடத்திட்டம் வந்த வேகத்தில் வரவில்லை. சேரும் முன், ‘இதை முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன பதவியில் இருக்கிறார்கள்?’ என்று கல்லூரியிடம் நேராகக் கேளுங்கள்.

தபால்வழியில், ஆன்லைனில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கலாமா?

கூடாது. தபால்வழி எம்.எஸ்சி. நர்சிங்கைக் கவுன்சில் ஏற்பதில்லை. பணமும் இரண்டு வருடமும் போகும், கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியாது. சின்னச் சான்றிதழ்ப் படிப்புகள் வேறு விஷயம், அவற்றை ஆன்லைனில் தாராளமாகப் படியுங்கள்.

முதியோர், மனநலம் பக்கம் போக விரும்புகிறேன்.

நல்ல முடிவு. வீட்டில் பார்க்கும் நோயாளிகளில் பெரும்பாலோர் வயதானவர்கள்தான். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் செவிலியருக்கு மனநல டிப்ளமோ நீண்ட காலமாக நடக்கிறது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனநோயாளிகளை அவரவர் ஊரிலேயே, குடும்பத்தோடு வைத்துப் பார்க்கும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறது. மறதி நோய் உள்ள ஒருவர் மாலையானால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று தன் வீட்டிலேயே நின்று அழுவார். அவரிடம் வாதாடாமல் எப்படிப் பேசுவது என்பதை மகளுக்குக் கற்றுக்கொடுக்கும் செவிலியர் எந்த ஊரிலும் தேவை.

ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

‘படுக்கைப்புண் தடுப்பு பற்றிய அறிவில் கட்டமைக்கப்பட்ட போதனைத் திட்டத்தின் பயன்’ என்ற வகைத் தலைப்பைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இருபது கேள்வி கொடுத்து, பாடம் நடத்தி, ஏழாம் நாள் அதே கேள்வியைக் கொடுத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். அலமாரிகள் அப்படிப்பட்ட ஆய்வேடுகளால் நிறைந்திருக்கின்றன. அறிவு கூடியதா என்று அளப்பதைவிட, புண் குறைந்ததா, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியது குறைந்ததா, பார்த்துக்கொள்பவர் இரவில் தூங்கினாரா என்று பாருங்கள். படுக்கைப்புண் அபாயத்துக்கு பிரேடன் அளவுகோல், அன்றாடச் செயல்பாட்டுக்கு பார்த்தெல் குறியீடு, பராமரிப்பவரின் சுமைக்கு சாரிட் வினாப்பட்டியல் என்று கருவிகள் தயாராக இருக்கின்றன. தமிழில் கேட்கும்போது நம் ஊர் அம்மாக்கள் ‘சுமையா? எங்க அம்மாவைப் பார்க்கிறது எனக்குச் சுமையா?’ என்று கோபப்படுவார்கள். அப்போது கேள்வியை எப்படிக் கேட்பது என்பதே ஒரு நல்ல ஆய்வுப் பொருள்.

தனியார் ஹோம் கேர் நிறுவனத்தில் சேரலாமா? பாதுகாப்பு எப்படி?

சேரலாம், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு. உங்களை நர்ஸாக அனுப்புகிறார்களா, பன்னிரண்டு மணி நேர அட்டெண்டராக அனுப்புகிறார்களா? இரவில் நோயாளிக்கு முடியாமல் போனால் எந்த டாக்டரிடம் பேசுவது, அது எழுத்தில் இருக்கிறதா? ஊசி குத்திவிட்டால் யார் பொறுப்பு? ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும். ஊசி குத்திய பிறகு எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்கு எந்த மருத்துவமனைக்குப் போவது என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசியை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. குத்தித் துளைக்க முடியாத டப்பாவில் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

புது வீட்டுக்கு முதல் முறை தனியாகப் போகாதீர்கள். எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு வீட்டில் உள்ளுணர்வு சரியில்லை என்று சொன்னால் வாசலிலிருந்தே திரும்பலாம், அதற்கு விளக்கம் கேட்காத மேலாளர் இருக்கும் இடத்தில் வேலை பாருங்கள்.

வெளிநாட்டில் இந்த வேலைக்கு என்ன மதிப்பு?

பிரிட்டனைச் சொல்கிறேன், நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருப்பதால். 1859-ல் லிவர்பூலைச் சேர்ந்த வில்லியம் ராத்போன் என்ற வணிகர், சாகக் கிடந்த தன் மனைவியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற நர்ஸை, அதே ஊரின் ஏழைகளின் வீடுகளுக்குப் போகும்படி வேலைக்கு வைத்தார். டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் என்ற மரபு அங்கிருந்து வளர்ந்தது. 1887-ல் விக்டோரியா ராணியின் பொன்விழா நிதியில் அதற்கென்று தனி நிறுவனமே வந்தது.

இன்று அங்கே டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் ஆக, பதிவுக்குப் பிறகு தனிச் சிறப்புத் தகுதி படிக்க வேண்டும். அதற்கான தரங்களை அந்நாட்டு நர்சிங் கவுன்சில் 2022-ல் புதுப்பித்தது. மருந்து எழுதும் தகுதியையும் செவிலியர் அங்கே பெறலாம். இங்கிருந்து போகிறவர்கள் முதலில் ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு முடித்துப் பதிவு வாங்க வேண்டும். பெரும்பாலும் வார்டில்தான் வேலை தொடங்கும். கம்யூனிட்டி டீமுக்கு மாறிய பிறகு, அந்தச் சிறப்புப் படிப்புக்கு வேலை தருபவரே அனுப்பி வைப்பதும் உண்டு. இந்திய எம்.எஸ்சி. அங்கே அந்தத் தகுதிக்குச் சமமாகாது.

எனக்கு நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். இனிமேல் படிக்க முடியுமா?

முடியும். இந்த வேலைக்கு வயது பலம். சாவு நடந்த வீட்டில் பேசத் தெரிந்தவர், மாமியார்-மருமகள் நடுவில் பக்கம் சாயாமல் நிற்கத் தெரிந்தவர் இருபத்திரண்டு வயதில் அபூர்வம். ஆறு வாரப் பயிற்சியில் தொடங்குங்கள். அரசுப் பணியில் இருந்தால், மேற்படிப்புக்குப் பணியிலிருந்தபடியே அனுப்பும் வாய்ப்பு இருக்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே மறந்துபோகும்.

படித்து முடித்த பிறகு பதிவு செய்ய வேண்டுமா?

எம்.எஸ்சி., போஸ்ட் பேசிக் டிப்ளமோ இரண்டையும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். 1926-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கவுன்சில் அது. சின்னச் சான்றிதழ்களைப் பதிவு செய்ய முடியாது, ஆனால் தொடர் கல்விக் கணக்குக்கு உதவுமா என்று கேட்டுப் பத்திரமாக வைத்திருங்கள். 2023-ல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. பழைய கவுன்சில் அமைப்புக்குப் பதிலாக ஆணையம் வரும்போது பதிவு நடைமுறையும் மாறலாம். அதனால் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அனுபவச் சான்றிதழ் மூன்றிலும் உங்கள் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே சரிபார்த்து, இல்லையென்றால் கல்லூரி அலுவலகத்தில் திருத்தி வாங்கிவிடுங்கள்.